ஆடு தீண்டாச் செடியும் வீட்டுப் பிராணியும்

வீட்டு வாயிலில் நான்கு பூத்தொட்டிகளும், திண்ணையில் ஒரு நாயோ பூனையோ இருந்தால் அவ்வீட்டுக்குத் தனி ஒரு களை உண்டு. செடியை அழகுக்காக வளர்க்கிறோம். பிராணியை அன்புக்காக வளர்க்கிறோம். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாமே. ஆதலால், ஒன்றினால் மற்றொன்றுக்குத் தீங்கு நேராமல் காக்கும் பொறுப்பும் நம்முடையதே. நாய்க்குட்டி செடியைக் கடித்துப் பாழாக்கிவிட்டது என்று குறை கூறுவோர் பலர். அந்தச் செடி நாய்க்குட்டியின் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளம் முழுவதும் அரளிச் செடியைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. ஆலப்புழை மாவட்டத்து இளம்பெண் ஒருவர் அரளியின் இலையையும் பூவையும் மென்றதாகவும், பின்னர் உயிர் நீத்ததாகவும் செய்திகள் வெளியாயின. பத்தனம்திட்டை மாவட்டத்தில் அரளியிலை தின்ற பசுவும் கன்றும் மாண்டன என்ற செய்தியும் வந்தது. அந்த மே மாதத்திலேயே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களின் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதில்லை என்றும், துளசி, தெச்சி போன்றவற்றைக் கொள்வது என்றும் முடிவு செய்தது. மலபார் தேவஸ்வம் போர்டும் அவ்வழியே சென்றது. பூசைக்குரிய மலர் என்ற மதிப்பை அரளி இழந்துவிடவில்லை. மனிதர் வாய்க்குள் அது சென்றுவிடக் கூடாது என்பதே அம்முடிவின் கருத்து. கோயிலில் காட்டிய இந்த எச்சரிக்கையை நம் வீட்டு வாயிலிலும் காட்டுகிறோமா? வீட்டில் நம் வாய் ஒன்றுதானா இருக்கிறது?

இக்கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொருந்துமாயினும், கஞ்சிக்கோடு போன்ற ஊர்களுக்குத் தனிப்படப் பொருந்துவதாகும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், வாளையாருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே அமைந்தது இவ்வூர். இங்கே காற்றுக்குக் குறைவில்லை. கேரள மின்வாரியம் காற்றாலைகளை நிறுவத் தேர்ந்தெடுத்த இடங்களில் இதுவும் ஒன்று என்பதே அதற்குச் சான்று. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று தொட்டி மண்ணின் ஈரத்தை ஒரு பகலில் உறிஞ்சிவிடும். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியை எட்டிப்பிடிக்கும். தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து, குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் பல. காலையில் சென்று மாலையில் திரும்பும் அவர்கள், நீரின்றி இரண்டு நாள் நின்றாலும் வாடாத செடியையே நாடுவது இயல்பு.

வாடாத செடி எது என்று நர்சரியில் கேட்டால், என்ன கிடைக்கும்? அரளி கிடைக்கும், கள்ளி வகைகள் கிடைக்கும், பாம்புக் கற்றாழை கிடைக்கும், சைகஸ் கிடைக்கும். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளியை வரிசை வரிசையாக நடுவதற்குக் காரணமும் இதுவே. வெயிலைத் தாங்கும், புகையைத் தாங்கும், ஆடு மாடு மேயாது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆடு மாடு ஏன் அதனை மேய்வதில்லை?

மரஞ்செடிகளுக்கு ஓடி ஒளியக் கால்கள் இல்லை. வறண்ட நிலத்தில் ஓர் இலையை இழந்தால் மற்றோர் இலையை எளிதில் விடவும் இயலாது. ஆகவே, அத்தகைய நிலத்தில் தழைத்து நிற்கும் செடிகளுட் பல, முள்ளாலோ பாலாலோ கசப்பாலோ நஞ்சாலோ தம்மைக் காத்துக்கொண்டவை. எவ்விதக் கவனிப்பும் இன்றி ஒரு செடி செழித்து நிற்கிறது என்றால், அதனைத் தின்பவர் எவரும் இல்லை என்பதும் அதற்கொரு காரணமாக இருக்கலாம். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆடாதோடை என்றும், ஆடுதீண்டாப்பாளை என்றும் செடிகளுக்குப் பெயரிட்டனர். ஆட்டின் நாவையே அவர்கள் ஓர் அளவுகோலாகக் கொண்டனர் என்பது இப்பெயர்களால் விளங்குகிறது. வேலிக்கு அத்தகைய செடிகளையே தேர்ந்து நட்டனர்.

ஆனால், ஆட்டுக்குட்டிக்கு உள்ள படிப்பு வீட்டுப் பூனைக்கு இல்லை. ஆட்டுக்குட்டி தாயோடு காட்டுக்குச் சென்று, தாய் எதைக் கடிக்கிறது, எதை விலக்குகிறது என்று பார்த்துப் பழகுகிறது. ஒரு தழையைச் சிறிது கடித்து, வயிற்றில் தொல்லை கண்டால் பிறகு அதனை விலக்கக் கற்றுக்கொள்கிறது. நாம் வளர்க்கும் நாய்க்குட்டியோ, தாயை விட்டுப் பிரிந்து இரண்டு மாதத்தில் நம் வீட்டுக்கு வருகிறது. பல் முளைக்கும் காலத்தில் செருப்பையும் கடிக்கிறது, செடியையும் கடிக்கிறது. நாய்க்குச் சுவை பார்த்துத் தின்னும் வழக்கம் குறைவு, விழுங்குவதே வழக்கம். அடைத்த வீட்டில் தனித்திருக்கும் பூனைக்கு, காற்றில் ஆடும் இலை ஒரு விளையாட்டுப் பொருள். வேலிக்கு எந்தக் குணத்தால் ஒரு செடி சிறந்ததோ, அந்தக் குணத்தாலேயே அது வீட்டின் உள்ளே ஆகாததாகிவிடுகிறது.

மேய்ச்சல் பிராணிகளுங்கூட எப்போதும் தப்பிவிடுகின்றன என்று சொல்வதற்கில்லை. நின்ற செடியில் அரளியிலையைத் தொடாத மாடு, வெட்டிப் போட்ட கிளையில் வாடிய இலையைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். வாடினாலும் காய்ந்தாலும் அரளியின் நஞ்சு நீங்குவதில்லை. வேலியைக் கத்தரித்துக் குப்பை மேட்டில் எறிவதும், அங்கே அடுத்த வீட்டுப் பசு வந்து வாய் வைப்பதும் நம் ஊர்களில் நாள்தோறும் காணும் காட்சியே. செடியை வைப்பவர் போலவே வெட்டுபவரும் கவனமாக இருத்தல் வேண்டும்.

இனி, நமக்குத் தீங்கு செய்யாத செடி பிராணிக்கும் தீங்கு செய்யாது என்று எண்ணுவது பெரும் பிழை. ஒவ்வோர் உயிரின் உடலும் ஒவ்வொரு விதமாக இயங்குகிறது. பூனை, இறைச்சி ஒன்றையே நம்பி வாழ அமைந்த உயிர். தாவரங்களில் உள்ள பல பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. சீனர் சமையலில் ஒரு வகை லில்லியின் மொட்டுகளை உலர்த்திக் குழம்பில் இடுவர். மனிதர் உண்ணும் அந்தப் பகல் லில்லிச் செடியே பூனைக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கொடிய நஞ்சாகும். நாம் அன்றாடம் உண்ணும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே, 'நாம் தின்கிறோமே' என்பது இங்கே நியாயமாகாது.

தேர்வு செய்வதற்கு எளிதாக, செடிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம். உயிரைப் போக்குபவை முதல் வகை. துன்பம் தருபவை இரண்டாம் வகை. அச்சமின்றி வைக்கத்தக்கவை மூன்றாம் வகை.

முதல் வகையில் தலைமை பெற்றது அரளி. செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி ஆகிய யாவும் இதில் அடங்கும். இவற்றிலுள்ள நஞ்சு இதயத்தின் தசையணுக்களைத் தாக்குகிறது. ஒவ்வோர் அணுவும் உப்புச் சத்துகளை உள்ளும் புறமும் அளவோடு மாற்றி மாற்றி இறைத்துக்கொண்டிருப்பதால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பது போன்ற அந்த வேலையை அரளி நிறுத்திவிடுகிறது. துடிப்பு தடுமாறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. இதே குடும்பத்து மருந்துகளை மிகச் சிறிய அளவில் இதய நோய்க்கு மருத்துவர் கொடுப்பதுண்டு. 1785-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், டிஜிடாலிஸ் என்னும் செடியைப் பற்றி நூல் எழுதி அவ்வழியைத் திறந்தார். ஆயினும் அளவு தெரிந்தவர் கையில் மருந்தாவது, அளவு தெரியாத நாய்க்குட்டியின் வாயில் நஞ்சேயாகும்.

அடுத்தது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமை பெற்றது. மலையாளத்தில் மேந்தோன்னி எனப்படுவது. நெருப்புச் சுடர்போல் பூப்பதால் தொட்டியில் வைப்போர் உண்டு. இதன் கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். விதையிலும் கிழங்கிலும் உள்ள கொல்சிசின் என்னும் பொருள், உடலில் அணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்துவிடும். மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் இருக்கும் வீட்டில் இக்கிழங்கு இருத்தல் தகாது.

மூன்றாவது சைகஸ். பனையைப் போன்ற தோற்றத்தால் இதனைப் பனை என்று நம்பி வாங்குவர். இது பனையன்று, மலபாரில் உள்ளவர் நன்கறிந்த ஈந்து மரத்தின் உறவு. ஈந்தங்காயை உலர்த்தி, ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே மலபார் மக்கள் மாவாக்கி உண்கின்றனர். இத்தனை பக்குவம் எதற்காக? அதிலுள்ள நஞ்சை நீக்குவதற்காகத்தான். நாய்க்கு அந்தப் பக்குவம் தெரியாது. சைகஸின் ஓரிரு விதைகளே ஒரு நாயின் ஈரலைக் கெடுத்து உயிரைப் போக்கப் போதுமானவை.

நான்காவது, பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லி. இது தொட்டியில் இல்லாவிட்டாலும் பரிசாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். பூனைக்கு இதன் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு, மகரந்தமும் நஞ்சு, குவளையில் பூ நின்ற தண்ணீரும் நஞ்சு. பூனை செடியைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. மேனியில் படிந்த மகரந்தத்தை அது நாவால் நக்கித் துடைப்பதே போதும். ஓரிரு நாட்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை உள்ள வீட்டுக்குப் பூங்கொத்து கொண்டுசெல்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். இவற்றோடு ஊமத்தை, ஆமணக்கு, குண்டுமணி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் முதல் வகை ஒருவாறு நிறைவுபெறும். பிராணி உள்ள வீட்டில் இவற்றுக்கு இடமே கூடாது.

இரண்டாம் வகையை விளங்கிக்கொள்ள நம் சமையலறையே போதும். சேனைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாவிட்டால் நாவும் தொண்டையும் காறுவதும் நாம் அறிந்ததே. புளி சேர்த்துச் சமைக்கும் வழக்கமும் அந்தக் காறலை அடக்குவதற்கே. அச்செடிகளின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற சுண்ணாம்புப் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்ததும் அவை நாவிலும் தொண்டையிலும் தைக்கின்றன. மணி பிளாண்ட், டிபன்பாக்கியா, பிலோடெண்ட்ரான், பீஸ் லில்லி ஆகியவை யாவும் சேம்பின் இனத்தைச் சேர்ந்தவை. அதே ஊசிகளை உடையவை. டிபன்பாக்கியாவுக்கு ஊமைக் கரும்பு என்னும் பொருள்பட மேல்நாட்டில் ஒரு பெயர் உண்டு. கடித்தவர் பேச முடியாதபடி நா வீங்கிவிடுமாம். நாய், பூனை கடித்தால் எச்சில் ஒழுகும், முகத்தைக் காலால் தேய்க்கும், உணவை மறுக்கும். பெரும்பாலும் உயிருக்குக் கேடில்லை. ஆனால் துன்பம் மிகுதி.

சோற்றுக்கற்றாழையின் தோலுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிறப் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பாம்புக் கற்றாழை வாந்தியை உண்டாக்கும். இருமலுக்கு நாம் போற்றும் கற்பூரவல்லியும், பூச்சந்தையில் குவியும் சாமந்தியும் நாய், பூனைகளின் வயிற்றுக்கு ஒவ்வாதவையே. இவற்றை அறவே விலக்க வேண்டுவதில்லை. பிராணி எட்ட முடியாத இடத்தில், மாடியிலோ மதிலுக்கு அப்பாலோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் உறியில் தொங்கவிட்டாற் போதும் என்று எண்ண வேண்டா. நாய்க்கு எட்டாதது பூனைக்கு எட்டும். பூனைக்கு எட்டாத கொடியிலிருந்தும் இலை தானே உதிரும்.

இரண்டாம் வகைச் செடிகள் இன்று வீடுதோறும் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில், 'காற்றைத் தூய்மைப்படுத்தும் செடி' என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, அடைத்த சிறிய அறைகளில் செடிகளை வைத்துச் சோதனை செய்தது. சில ஆவிகளைச் செடிகள் குறைத்தன என்று கண்டது. அச்சோதனையில் பீஸ் லில்லியும் பாம்புக் கற்றாழையும் இடம்பெற்றிருந்தன. அன்று முதல் அவற்றுக்கு நல்ல விலை. ஆனால் அடைத்த பெட்டி வேறு. காற்று வந்து போகும் வீடு வேறு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுரை, பல சோதனைகளை ஒருங்கே மதிப்பிட்டு, வீட்டுக் காற்றைச் செடிகளால் மாற்ற வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. அத்தனை செடிகளை வைத்தால் நாம் நிற்க இடம் ஏது? கணவாய்க் காற்று வீசும் ஊரில், சன்னலைத் திறப்பது எளிய வழி. செடியைக் கண்ணுக்கு இனிமைக்காக வளர்ப்போம். அதற்கு நஞ்சுள்ள செடிதான் வேண்டும் என்பதில்லை.

செடி வாங்கும்போது பெயரைப் பற்றிய தெளிவு மிக இன்றியமையாதது. பீஸ் லில்லி என்பது லில்லியன்று. அது சேம்பின் இனம். 'லக்கி பாம்பூ' என்று தண்ணீர்க் குவளையில் வைத்து விற்கும் அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலன்று. டிரசீனா என்னும் வேறு செடி. நாய் பூனைக்கு ஆகாதது. பாம்புக் கற்றாழை கற்றாழையன்று. சைகஸ் பனையன்று. எல்லைப்புற ஊரில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. நர்சரிக்காரர் மலையாளத்தில் ஒரு பெயர் சொல்வார். வாங்குபவர் தமிழில் வேறொன்றை எண்ணிக்கொள்வார். தொட்டியில் செருகிய சீட்டில் ஆங்கிலப் பெயர் இருக்கும். மலையாளத்தார் தெச்சி என்பதை நாம் இட்லிப்பூ என்கிறோம், வெட்சி என்கிறோம். ஆகவே தாவர நூலார் இட்ட பெயரை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்பதே பாதுகாப்பு. அந்தப் பெயர் ஒன்றுதான் எல்லை கடந்தும் மாறாதது. அமெரிக்காவில் பிராணிவதைத் தடுப்புக் கழகத்தார், நாய், பூனை, குதிரைகளுக்கு ஆகும் செடி, ஆகாச் செடி என்று நெடிய பட்டியல் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டிருக்கின்றனர். தாவரப் பெயர் கையில் இருந்தால் அதில் தேடிப் பார்ப்பது எளிது.

பால் வடியும் செடி என்றால் ஐயுறுக என்பது நல்ல விதி. கள்ளி, எருக்கு, நந்தியாவட்டை ஆகியவை இவ்விதியில் அடங்கும். ஆனால் பாலில்லாச் செடியெல்லாம் நல்ல செடி என்று தலைகீழாகக் கொள்ளலாகாது. சேம்புக்குப் பால் இல்லை; லில்லிக்கும் பால் இல்லை.

இனி மூன்றாம் வகைக்கு வருவோம். ஆகாதவற்றைக் கேட்டு அஞ்சியவர்களுக்கு, ஆகும் செடிகளின் வரிசை ஆறுதல் அளிக்கும். வெயில் படும் முற்றத்துக்கும் மாடிமுகப்புக்கும் செம்பருத்தி உண்டு, ரோஜா உண்டு, மல்லிகை, முல்லை உண்டு, காசித்தும்பை, ஜினியா உண்டு. தெச்சியின் பழத்தைச் சிறுவர் பறித்துத் தின்பதை நாம் கண்டிருக்கிறோம். திருநீற்றுப்பச்சிலையும் கொத்துமல்லியும் பாதுகாப்பானவை என்று பட்டியலில் இடம்பெற்றவை. இவற்றுட் பல நம் பாட்டிமார் வைத்து வளர்த்தவையே. புதுமையை நாடி நாம் கைவிட்டவை, பிராணியின் பொருட்டு மீண்டும் வாயிலுக்கு வரலாம்.

வெயில் படாத உள்ளறைக்கு, ஸ்பைடர் பிளாண்ட் என்று வழங்கும் சிலந்திச் செடி ஏற்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அது, சிறிது நாள் நீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பாக்கு மரக்கன்று போன்ற அரிக்கா பாம், மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பனையின் அழகை விரும்புவோர் சைகஸுக்குப் பதிலாக இதனை வாங்கலாம். கூவை மாவு தரும் மரந்தாவின் இனத்தைச் சேர்ந்த கலாத்தியாவுக்கு, டிபன்பாக்கியாவைவிட அழகிய கோலமிட்ட இலைகள் உண்டு. மிளகின் உறவான பெப்பரோமியா, சிறு மேசையில் வைக்கத்தக்கது. பாஸ்டன் பெரணி மிக அழகியது. ஆனால் கஞ்சிக்கோட்டுக் கிழக்குக் காற்று அதன் இலை நுனியைக் கருக்கிவிடும். ஈரம் நிற்கும் குளியலறைச் சன்னலோரம் அதற்குத் தக்க இடம். கலாத்தியாவும் வறண்ட காற்றைப் பொறாது. தொட்டியை ஈரக் கூழாங்கற்கள் நிறைந்த தட்டின்மேல் வைத்தால் ஓரளவு தாங்கும். நல்ல செடிக்குச் சற்று அதிகமாக நீர் வார்க்க வேண்டியிருக்கும் என்பது உண்மையே. ஓர் உயிரின் பாதுகாப்புக்கு அது மிகச் சிறிய விலை.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு முதலிய மலைப்பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. அங்கே நீருக்கும் குளிர்ச்சிக்கும் குறைவில்லை; அதனால் தேர்வும் விரிவானது. ஆர்க்கிடுகளில் பெனலாப்சிஸ் வகையும், ஆப்பிரிக்க வயலட்டும், காதணிபோல் தொங்கும் பியூசியாவும், பெரணிகளும் அச்சமின்றி வைக்கத்தக்கவை. ஆனால் அம்மலைகளில் வேலியோரம் எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெண்பூவும், ஆரஞ்சுப் பூவும் ஊமத்தையின் உறவு. அதே நஞ்சை உடையவை. பந்துபந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவும், அசேலியாவும் ஆகாதவையே. எஸ்டேட் குடியிருப்புகளில் நாயும் ஆடும் கோழியும் ஒரே முற்றத்தில் திரிவதால், அங்கே கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும்.

செடி நல்லதாயிருந்தும் தொட்டி தீயதாகிவிடுவதுண்டு. உரமாக இடும் ஆமணக்குப் பிண்ணாக்கை நாய் விரும்பித் தின்னும். அதில் எஞ்சியிருக்கும் நஞ்சு அதன் உயிரைப் போக்கும். எலும்புத் தூளோடு கலந்திருந்தால் ஆசை இன்னும் அதிகமாகும். ஆதலால் நாய் உள்ள வீட்டில் ஆமணக்குப் பிண்ணாக்கை விலக்கி, நன்கு மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ இடுவதே நன்று. நர்சரியிலிருந்து வந்த புதுச் செடியில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். இலைகளைக் கழுவி, சில வாரங்கள் தனியே வைத்த பின்னரே பிராணி உலவும் இடத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

பிராணிக்கென்றே ஒரு தொட்டி வைப்பது மற்றொரு நல்ல வழி. நாயும் பூனையும் அறுகம்புல்லைத் தேடிக் கடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஓர் அகன்ற தொட்டியில் மருந்து தெளிக்காத அறுகம்புல்லையோ, கோதுமை முளையையோ வளர்த்து வைத்தால், அவற்றின் வாய் மற்றச் செடிகளை நாடுவது குறையும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரின் மணத்துக்குப் பூனை மயங்கிப் புரள்வதனால் வந்த பெயர் அது. மயக்கம் தருவது என்பதற்காக அதனை உணவாகக் கொடுக்க வேண்டா. மிகுதியாகத் தின்றால் அது தீங்கு செய்யும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் சில வேளைகளில் தவறு நேர்ந்துவிடும். பிராணி ஆகாத செடியைத் தின்றதைக் கண்டால், முதலில் வாயில் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். சேம்பின் இனமாக இருந்தால் வாயை நல்ல நீரால் கழுவலாம். மகரந்தம் மேனியில் பட்டிருந்தால், பூனை நக்கும் முன் துடைத்துக் கழுவிவிட வேண்டும். பிறகு, தின்ற செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைந்து செல்ல வேண்டும். எந்தச் செடி என்று தெரிந்தால்தான் மருத்துவம் வழி தவறாது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வதும், எண்ணெய் ஊற்றுவதும், நாம் உண்ணும் மாத்திரையைக் கொடுப்பதும் கூடாதவை. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாரசிட்டமால் பூனைக்குத் தனியே ஒரு நஞ்சு. லில்லி தின்ற பூனை முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றலாம். அத்தோற்றத்தை நம்பிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அன்றே மருத்துவம் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. பாலக்காட்டுப் பக்கத்தார்க்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில், 1955-ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே கோவை நகரும் தொலைவில் இல்லை. ஆயினும் அருகிலுள்ள மருத்துவர் எங்கே இருக்கிறார், இரவில் யார் இருப்பார் என்பதைச் செடி வாங்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இவற்றையெல்லாம் கேட்டு, ஊரிலுள்ள அரளியை எல்லாம் வேரோடு பறிக்க வேண்டும் என்று யாரும் கருத வேண்டா. அரளிக்குக் கோயில் நந்தவனத்தில் இடம் உண்டு. கற்றாழைக்கு மருந்துத் தோட்டத்தில் இடம் உண்டு. செங்காந்தளுக்குக் காட்டிலும் கழனியிலும் இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை அறிந்து வைப்பதே செடி வளர்க்கும் கலை. ஆட்டுக்கு அதன் தாய் கற்பித்தது. நம் வீட்டுப் பிராணிக்குக் கற்பிக்கத் தாய் அருகில் இல்லை. அது நம்மையே நம்பியிருக்கிறது. தாய் ஆடு குட்டிக்காகச் செய்யும் தேர்வை, நர்சரியின் வாயிலில் நின்று நாம் செய்தல் வேண்டும். அடுத்த முறை ஒரு தொட்டியைக் கையில் எடுக்கும்போது, 'இதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விட வேண்டும்?' என்று கேட்பதற்கு முன், 'இதனை எங்கள் வீட்டுப் பூனை கடித்தால் என்ன ஆகும்?' என்று கேட்போமாக.